வீட்டுக் காப்புறுதி: பத்திரத்தில் எழுதியிருப்பது என்ன?

1983 ஜூலைக் கலவரத்தின்போது வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் வரிசை வரிசையாக எரிந்தன. வீடு எரிந்தது தீயால்; ஆனால் கையிலிருந்த தீக் காப்புறுதிப் பத்திரம் எல்லோருக்கும் உதவக்கூடியதாக இருக்கவில்லை. காரணம் எளிது. சாதாரண தீக் காப்புறுதி அடுப்பிலிருந்தோ மின்னொழுக்கிலிருந்தோ இடியிலிருந்தோ வரும் தீயைத்தான் ஏற்கும். கலகக்காரர் வைக்கும் தீயை அது ஏற்பதில்லை. அதற்கெனத் தனிக் கட்டணம் செலுத்தி, கலவரக் காப்பையும் பத்திரத்தில் சேர்த்திருக்க வேண்டும்.

இது நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. நெல்லுக்குக் காப்புறுதி செய்த எந்தக் கமக்காரரையும் கேட்டுப் பாருங்கள். வெள்ளம், வரட்சி, பூச்சித் தாக்கம், காட்டு யானை என்று குறித்த காரணங்களால் பயிர் அழிந்தால் கமநலக் காப்புறுதிச் சபை நட்டத்தைப் பார்க்கும். அறுவடைக்குப்பின் நெல்லின் விலை விழுந்தால் பார்க்காது. வீட்டுக் காப்புறுதியும் அப்படியே. "என்ன நட்டம்?" என்பதற்கு முன் "எதனால் நட்டம்?" என்றே கம்பனி கேட்கும்.

1983க்குப் பின்னர் வேலைநிறுத்தம், கலவரம், உள்நாட்டுக் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கென அரசு ஒரு தனி நிதியத்தை உருவாக்கியது. அது இப்போது 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் உள்ளது. நீங்கள் எந்தக் கம்பனியில் பத்திரம் எடுத்தாலும் இந்தக் காப்பைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். 2019 ஏப்ரல் 21இல் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய வெடிப்பால் அயலிலுள்ள வீட்டுக்குச் சேதம் வந்தால், பயங்கரவாதக் காப்பு பத்திரத்தில் இருந்தால்தான் பணம் கோர முடியும். வெள்ளத்துக்கும் அவ்வாறே, வெள்ளவத்தைக் கால்வாயோரம் தாழ்ந்த நிலத்தில் இருப்போர் அதைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும்.

ஒன்றை மட்டும் எவ்வளவு கட்டணம் செலுத்தினாலும் வீட்டுக்கு வாங்க முடியாது. அது யுத்தக் காப்பு. எறிகணை விழுந்து அழிந்த ஊர் வீட்டுக்குக் காப்புறுதிக் கம்பனியிடம் போய்ப் பயனில்லை. அது அரசிடம் கேட்க வேண்டிய நட்டஈடு. முன்னர் புனர்வாழ்வு அதிகாரசபை பார்த்துவந்த அந்தப் பணி, 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இழப்பீடுகளுக்கான அலுவலகத்தைச் சேர்ந்தது. இரண்டையும் குழப்பிக்கொண்டு அலைவோர் நம்மிடையே பலர்.

இடம்பெயர்ந்து வந்தவர்களில் அநேகர் கொழும்பில் வாடகைக்கே இருக்கின்றனர். "வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் செய்திருக்கிறாராம், நமக்கென்ன?" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். வீட்டுக்காரர் காப்புறுதி செய்திருப்பது தமது சுவருக்கும் கூரைக்கும். உங்கள் அலுமாரி, தையல் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, பிள்ளைகளின் புத்தகங்கள் அதில் அடங்கா. இழந்தால் எவருக்கு நட்டமோ அவரே ஒரு பொருளுக்குக் காப்புறுதி செய்ய முடியும் என்பது இத்தொழிலின் அடிப்படை விதி. எனவே வாடகைக்கு இருப்பவர் வீட்டுப் பொருட்களுக்கு மட்டும் தனிப் பத்திரம் எடுக்கலாம். நகைக்குப் பெரும்பாலும் ஓர் உச்ச வரம்பு உண்டு. காசும் காணி உறுதியும் பொதுவாகச் சேரா.

சொந்த வீடு உள்ளவர்கள் தொகையைத் தீர்மானிக்கும்போது காணியின் விலையைக் கூட்டக்கூடாது. வெள்ளவத்தையில் ஒரு பேர்ச் என்ன விலை போனாலும் நிலம் எரியாது. வீட்டைத் திரும்பக் கட்ட என்ன செலவாகும் என்பதே கணக்கு. கட்டணத்தை மிச்சம் பிடிக்கவென்று அதைக் குறைத்தும் எழுதக்கூடாது. திரும்பக் கட்ட 50 இலட்சம் ரூபா வேண்டிய வீட்டை 25 இலட்சத்துக்குப் பதிந்தீர்கள் என்று வையுங்கள். குசினி எரிந்து 10 இலட்சம் சேதம். 25 இலட்சம் வரை எழுதியிருக்கிறதே, 10 இலட்சமும் கிடைக்கும் என்று நினைப்பீர்கள். கிடைப்பது 5 இலட்சம். பாதிப் பெறுமதிக்குக் காப்புறுதி செய்தால் எந்தச் சேதத்துக்கும் பாதிதான் என்பது பத்திரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் நிபந்தனை. முகவர்கள் இதை விளக்கிச் சொல்வது குறைவு. சொன்னால் கட்டணம் கூடுகிறதே என்று நாம் முகம் சுளிப்பதும் ஒரு காரணம்.

வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் தாய்மார் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் சமையல் எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்ததை அறிவோம். வீட்டுத் தேவைக்குப் பாவிக்கும் எரிவாயு வெடித்தாற் பொதுவாகத் தீக் காப்புறுதி ஏற்கும். தொழிலுக்குப் பாவித்திருந்தால் கம்பனி மறுக்க இடமுண்டு. ஆகவே விண்ணப்பப் படிவத்தில் தொழிலை எழுதிவிடுங்கள். மறைத்தது பின்னர் தெரியவந்தால், கட்டிய தவணைகளும் வீண். படிவத்தை முகவர் நிரப்பினாலும் கையொப்பம் உங்களுடையது. வெற்றுத் தாளில் வைக்க வேண்டாம். ஊரில் ஒரு வீடும் இங்கு ஒரு வாடகை வீடுமாக இருப்பவர்கள், ஆளில்லாமல் எத்தனை நாள் வீட்டைப் பூட்டி வைக்கலாம் என்பதையும் கேட்க வேண்டும். அநேக பத்திரங்களில் 30 நாட்களுக்கு மேல் வெறுமையாகக் கிடக்கும் வீட்டுக்குக் காப்பு நின்றுவிடும்.

சேதம் நேர்ந்தால் அன்றே கம்பனிக்கு அறிவித்து, பொலிசில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியை வாங்குங்கள். மதிப்பீட்டாளர் வந்து பார்க்குமுன் சாம்பலைக் கூட்டி அள்ளிவிடாதீர்கள். பத்திரத்தின் பிரதியும் பொருட்களின் பற்றுச்சீட்டுகளும் வேறொரு வீட்டில், உறவினரிடம் இருக்கட்டும். கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டதாகக் கருதினால், முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிட்டு, பதில் திருப்தியில்லையேல் கொழும்பிலுள்ள காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். முறைப்பாட்டாளரிடம் அவர் கட்டணம் பெறுவதில்லை.