மணலும் மின்கலமும்

தொலைவிலிருந்து இயக்கப்படும் விளையாட்டு மகிழுந்து ஓடாமல் நின்றுவிட்டால், அதன் மின்கல அடுக்கைக் குப்பையில் எறிந்துவிடுகிறோம். எறியப்படும் அப்பொருளுக்கும் குமரி மாவட்டக் கடற்கரை மணலுக்கும் உறவு உண்டு.

கயிற்றுநார் காட்டிய கனிமம்

1909ஆம் ஆண்டு, ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டு என்னும் கனிமத்தைக் கண்டார். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் அக்கனிமம் உள்ளது. அன்று எரிவாயு விளக்கின் வலைத்திரிக்குத் தேவைப்பட்ட தோரியத்திற்காக மோனசைட்டு நாடப்பட்டது. லாந்தனம், சீரியம் முதலிய அருமண் தனிமங்களும் அதில் அடங்கியுள்ளன. இத்தனிமங்கள் நிக்கலுடன் சேர்ந்த உலோகக்கலவையே நிக்கல் உலோக ஹைட்ரைடு மின்கலத்தின் எதிர்மின்வாய் ஆகும். மின்னேற்றத்தின்போது அது ஹைட்ரஜனை உள்வாங்குகிறது, மின்னிறக்கத்தின்போது வெளிவிடுகிறது.

ஒன்று தளர்ந்தால்

இவ்வகை மின்கலம் ஒன்றின் மின்னழுத்தம் 1.2 வோல்ட். ஆறு மின்கலங்களைத் தொடராக இணைத்தால் 7.2 வோல்ட் கிடைக்கும். தொடரிணைப்பில் ஒன்று தளர்ந்தாலும் அடுக்கு முழுவதும் தளரும். ஆதலால் செயலிழந்ததாகத் தோன்றும் அடுக்கில் பல மின்கலங்கள் நலமாகவே இருக்கக்கூடும்.

நெடுநாள் பயன்படுத்தாத அடுக்கை மெதுவாக மின்னேற்ற வேண்டும். கொள்ளளவு 2000 மில்லி ஆம்பியர் மணி எனில், 200 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தில் 14 முதல் 16 மணி நேரம் ஏற்றலாம். பின்னர், சிறு விளக்கொன்றை எரியவிட்டு, அடுக்கின் மின்னழுத்தம் 6 வோல்ட்டாகக் குறையும்வரை மின்னிறக்க வேண்டும். இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தால், உறங்கிக் கிடந்த மின்கலங்கள் பெரும்பாலும் திறன் பெறும். அதன்பின், விளக்கு எரியும்போதே ஒவ்வொரு மின்கலத்தையும் மின்னழுத்தமானியால் அளந்தால், விரைந்து தளர்வது எதுவெனத் தெரியும். அதை மட்டும் அதே வகையும் கொள்ளளவும் உடைய மற்றொன்றால் மாற்றலாம். பற்றவைப்பின் வெப்பம் மின்கலத்தைக் கெடுக்குமாதலின், அப்பணியைப் பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைப்பதே நன்று.

எல்லை அறிதல்

இம்முறை லித்தியம் மின்கலங்களுக்குப் பொருந்தாது. அளவுக்கு மீறி மின்னிறங்கிய லித்தியம் மின்கலத்தினுள் செம்பு கரைந்து படிந்து குறுக்குச்சுற்று ஏற்படலாம். மீண்டும் மின்னேற்றினால் தீப்பற்றக்கூடும். உப்பியது, கசிந்தது, ஓட்டையானது எவ்வகையாயினும் மின்னேற்றத்திற்கு உரியதன்று. பழைய நிக்கல் காட்மியம் மின்கலத்திலுள்ள காட்மியமோ மண்ணையும் நீரையும் நஞ்சாக்கும்.

மீட்க இயலாதவற்றையும் குப்பையில் சேர்த்தல் தகாது. மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், 2022, அவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. நாம் அவற்றைத் தனியே பிரித்து, சேகரிப்பு மையத்தில் ஒப்படைத்தால்தான் அவ்விதி பயன்தரும். கரையோர மணலை அகழ்ந்து பெறும் தனிமங்கள் அளவற்றவை அல்ல. ஓர் அடுக்கின் ஆயுள் நீளுமாயின், புதிதாக அகழவேண்டிய தேவை அந்த அளவிற்குக் குறையும்.