போர்டில் அறுந்த கோடு

ராஜபாளையத்தில் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு தாயார் சென்ற மாதம் அலுவலகத்துக்கு ஒரு பழைய கேம் பாய் அட்வான்ஸைக் கொண்டுவந்தார். 2001-இல் நிண்டெண்டோ வெளியிட்ட கையடக்க வீடியோ கேம் அது. மகனுக்காக அவன் அத்தா சவூதியிலிருந்து வாங்கி வந்தது. அவர் மௌத்தான பிறகு, உள்ளே போட்ட பேட்டரியுடனேயே பீரோவில் இருந்திருக்கிறது. ஒரு கடையில் காட்டியதற்கு "போர்டு போச்சு, தூக்கிப் போடுங்க" என்றார்களாம். "நம்ம டிரஸ்ட் பையன் ஒரு தடவை பார்க்கட்டுமே" என்றார்.

அந்த மாணவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்போன் சர்வீஸ் பழகுகிறார். கருவிகள் வாங்க பைத்துல்மாலிலிருந்து கர்ழன் ஹஸனா கொடுத்திருக்கிறோம். கொடுக்கும்போது நிர்வாகக் குழுவில் எல்லோருக்கும் சம்மதம் இருக்கவில்லை, "இது நிலைக்கிற தொழிலா?" என்று கேட்டவர்கள் உண்டு. அதனால் இந்த வேலையை நாங்களும் உட்கார்ந்து பார்த்தோம்.

போர்டு என்பது கண்ணாடி இழைத் தகடு. அதன்மேல் செம்புக் கோடுகள்தான் மின்சாரம் போகும் வழி. செம்பின் கனம் பொதுவாக 35 மைக்ரான், தலைமுடியில் பாதி. மேலே பச்சைப் பூச்சு. பேட்டரி கசிந்தால் வெளிவரும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பூச்சுக்கு அடியில் ஊர்ந்து செம்பை அரித்துவிடும். இங்கே பேட்டரி முனையிலிருந்து புறப்படும் கோடு அறுந்திருந்தது. சிப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதலில் வினிகர் தொட்ட பஞ்சால் உப்பைத் துடைத்து, பிறகு ஐபிஏ திரவத்தால் கழுவிக் காயவைத்தார். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் கோட்டின் இரு பக்கம் வைத்தால் 'பீப்' வரவேண்டும், வரவில்லை. அறுந்த இடத்தின் இருபுறமும் பிளேடு நுனியால் பச்சைப் பூச்சைச் சுரண்டினார். செம்பு பளிச்சென்று தெரிந்ததும் பேஸ்ட் தடவி, ஈயம் ஏற்றி, நடுவே ஒரு சிறு செம்புக் கம்பியை வைத்துப் பற்றவைத்தார். இதைத்தான் கடைகளில் 'ஜம்பர் அடிப்பது' என்கிறார்கள். நம் ஊர் மில்களில் சைடர்கள் அறுந்த இழையைப் பிணைத்து ஓடவிடுவதைப் போன்றதுதான்; இங்கே லென்ஸ் வேண்டும், கை நடுங்கக்கூடாது. சிக்னல் கோடென்றால் முடி போன்ற கம்பி போதும். இது பவர் வரும் கோடு என்பதால் சற்றுத் தடித்த கம்பி. சூட்டை அதிக நேரம் வைத்தால் செம்பே தகட்டிலிருந்து பெயர்ந்துவிடும். கற்றுக்கொள்பவர்கள் போர்டைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மறுபடி மீட்டர் வைத்தார். பீப். புது பேட்டரி போட்டதும் பச்சை விளக்கு எரிந்தது. அந்தத் தாயார் சிறிது நேரம் பேசவே இல்லை.

கூலி வேண்டாம் என்றார் மாணவர். வாங்கச் சொன்னோம், கடன் தவணை கட்ட வேண்டுமல்லவா? எல்லாப் போர்டும் இப்படிப் பிழைக்காது. ஆனால் "போர்டு போச்சு" என்று சொல்பவரிடம் "எந்த இடத்தில்?" என்று கேளுங்கள், காட்டச் சொல்லுங்கள்.

வீட்டில் சும்மா கிடக்கும் பொம்மை, ரிமோட், கடிகாரம் இவற்றிலிருந்து பேட்டரியை இன்றே கழற்றிவிடுங்கள். செல்போன் பேட்டரி உப்பியிருந்தால் நீங்களாகத் திறக்க வேண்டாம்; குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். பழுதான சிறு கருவிகளை வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் கொடுத்தால், இன்ஷா அல்லாஹ், மாணவரைப் பார்க்கச் சொல்கிறோம்.