துணைநூற்பட்டியல்: மென்பொருளின் வேலையும் மாணவரின் வேலையும்

ஆய்வேட்டில் பிறருடைய கருத்தையோ வரியையோ எடுத்தாண்டால் அதை இரண்டு இடங்களில் பதிவு செய்ய வேண்டும். எடுத்தாண்ட இடத்திலேயே அடைப்புக்குறியிலோ அடிக்குறிப்பிலோ சுருக்கமாக ஒரு முறை. ஏட்டின் இறுதியில் துணைநூற்பட்டியலில் விரிவாக ஒரு முறை. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். உள்ளே சுட்டிய நூல் பட்டியலில் இல்லாமல் போவதும், பட்டியலில் உள்ள நூல் ஏட்டில் எங்குமே வராமல் இருப்பதும் மாணவர் ஏடுகளில் அடிக்கடி காணும் பிழைகள். கையால் பட்டியல் தயாரிக்கும்போது, கடைசி வாரத்தில் ஓர் இயலை வெட்டினாலே இந்தப் பொருத்தம் குலைந்துவிடும். மென்பொருளின் முதல் பயன் இந்த இடத்தில்தான்.

எழுதும் முறை துறைக்குத் துறை மாறும். உளவியல், கல்வியியல் போன்ற துறைகளில் ஏபிஏ முறை, இலக்கியத்தில் எம்எல்ஏ, வரலாற்றில் அடிக்குறிப்போடு கூடிய சிகாகோ முறை. மருத்துவத்திலும் பொறியியலிலும் எண்ணிட்டுச் சுட்டுவது வழக்கம். 1929இல் ஏழு பக்கக் கட்டுரையாகத் தொடங்கிய ஏபிஏ விதிகள் இன்று தடித்த கையேடாக வளர்ந்து, 2019இல் ஏழாம் பதிப்பைக் கண்டுள்ளன. எந்த முறை என்பதைப் பல்கலைக்கழக விதியும் நெறியாளரும் சொல்வார்கள். அதை முதல் நாளே கேட்டுக்கொண்டால் போதும். காற்புள்ளி எங்கே, சாய்வெழுத்து எங்கே என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

அந்த வேலையைச் செய்யும் கருவிகளில் மாணவர்களுக்கு மிகவும் ஏற்றது ஜொடேரோ. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006இல் உருவான இலவச மென்பொருள் இது. கணினியில் நிறுவி, உலாவிக்கான அதன் இணைப்பையும் சேர்த்தபின் உலாவியில் ஒரு சிறு பொத்தான் வரும். இதழ்க் கட்டுரை திறந்திருக்கும்போது அதை அழுத்தினால் ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, பக்கம் எல்லாம் தாமாகச் சேமிக்கப்படும். வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ எழுதும்போது, வேண்டிய இடத்தில் நூலைத் தேர்ந்தால் சுட்டுக்குறிப்பு விழும். இறுதியில் ஒரே சொடுக்கில் பட்டியல் தயார். ஏபிஏ முறையில் எழுதியதை எம்எல்ஏவுக்கு மாற்றச் சொன்னாலும் ஒரு நிமிட வேலைதான். கோப்புகளை இணையத்தில் வைக்க 300 எம்பி வரைதான் இலவசம். குறிப்புகளுக்கு அந்த வரம்பு இல்லை.

எல்செவியர் நிறுவனத்தின் மெண்டலே இதே வேலையைச் செய்கிறது. எண்ட்நோட் விலை கொடுத்து வாங்க வேண்டியது. பல்கலைக்கழகம் வாங்கித் தந்தால் பயன்படுத்தலாம். கணிதம், இயற்பியல் மாணவர்களுக்கு லேடெக்ஸோடு வரும் பிப்டெக்ஸ் உண்டு. பத்துப் பக்கக் கட்டுரைக்கு வேர்டிலேயே உள்ள மேற்கோள் வசதி போதும்.

தமிழ் நூல்களுக்கு வரும்போது கருவி தடுமாறுகிறது. நூலின் ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுத்தால் விவரம் பெரும்பாலும் வெளிநாட்டு நூலகப் பட்டியல்களிலிருந்து வரும். அங்கே தமிழ்ப் பெயர்கள் ரோமன் எழுத்தில், தலைக்கோடும் கீழ்ப்புள்ளியுமாக இருக்கும். அப்படியே விட்டால் தமிழ் ஏட்டின் பட்டியலில் அது ஒட்டாமல் நிற்கும். தமிழில் தட்டச்சு செய்து திருத்துவதே வழி. பெயர்களும் கவனிக்க வேண்டியவை. குடும்பப்பெயர், இயற்பெயர் என்று இரண்டு கட்டங்களை மென்பொருள் எதிர்பார்க்கிறது. ‘கல்கி’, ‘புதுமைப்பித்தன்’ போன்ற புனைபெயர்களுக்கு ஜொடேரோவில் ஒற்றைக் கட்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. முன்னெழுத்து உள்ள பெயரில் இயற்பெயரை முதல் கட்டத்திலும் முன்னெழுத்தை இரண்டாவதிலும் இட்டால் ‘சாமிநாதையர், உ. வே.’ என்று சரியாக வரும். ‘டாக்டர்’, ‘பேராசிரியர்’ போன்ற பட்டங்கள் பட்டியலில் வேண்டாம்.

ஆண்டு இதைவிடச் சிக்கலானது. உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது, நூலானது 1950இல். மாணவர் கையில் இருப்பதோ அண்மைக் காலத்து மறுபதிப்பு. பக்க எண் எந்தப் பதிப்பைச் சேர்ந்ததோ அந்தப் பதிப்பின் ஆண்டும் பதிப்பகமும் பட்டியலில் இருந்தாக வேண்டும். முதற்பதிப்பு ஆண்டைக் கூடவே குறிப்பது நல்லது. இரண்டையும் கலந்து, மறுபதிப்பின் பக்கத்தை 1950இன் பெயரில் எழுதினால் தேடிப் போகிறவருக்கு அந்த வரி கிடைக்காது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ இலங்கைத் தமிழ் நூல்களைத் திரட்டும் நூலகம் தளத்திலோ படித்த பழைய நூலுக்கும் இதே விதிதான்: அச்சு விவரம் முதலில், முகவரி பிறகு. சங்கப் பாடல்களுக்கும் குறளுக்கும் பக்க எண்ணால் பயனில்லை. பாடல் எண்ணும் அடி எண்ணும் தந்தால் எந்தப் பதிப்பிலும் தேடி எடுக்கலாம். உரையை எடுத்தாண்டால் மட்டும் உரையாசிரியரும் பக்கமும் வேண்டும்.

அகர வரிசையையும் கண்ணால் ஒருமுறை பார்ப்பது அவசியம். யுனிகோட் எண்வரிசையில் ‘ஜ’ என்பது ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் நடுவே நிற்கிறது, ‘ன’ ‘ந’வை அடுத்து வருகிறது, புள்ளி வைத்த மெய் உயிர்மெய்களுக்குப் பின்னால் போய்விடுகிறது. எண்வரிசைப்படி அடுக்கும் நிரலில் ஜெயகாந்தன் ஞானக்கூத்தனுக்கு முன்னால் வந்துவிடுவார். தமிழ் நூல்களையும் ஆங்கில நூல்களையும் தனித்தனிப் பட்டியலாக்கும் வழக்கம் தமிழ்த்துறைகளில் இருப்பது இங்கே கைகொடுக்கும்.

செயற்கை நுண்ணறிவிடம் பட்டியல் கேட்பது வேறு ஆபத்து. இல்லாத நூலுக்கு இருப்பது போன்ற தலைப்பும் ஆண்டும் அது தந்துவிடும். 2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில் இப்படிக் கிடைத்த இல்லாத வழக்குகளை மேற்கோளாகக் கொடுத்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. கட்டுரைக்கு டிஓஐ என்னும் இணைய அடையாள எண் இருந்தால் அதைத் தட்டிப் பார்ப்பதும், நூலானால் நூலகப் பட்டியலில் தேடுவதும் ஐந்து நிமிடச் சோதனை.

இந்தியாவில் கருத்துத் திருட்டு பற்றிய பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள், 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுத் தடை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாகச் சுட்டிய மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேரா. எனவே சரிபார்ப்பு மென்பொருளில் ஏற்றும்போது இவை விலக்கப்பட்டுள்ளனவா என்று நூலகரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அச்சுக்கு அனுப்பும் முன் கோப்பை இரண்டாகப் பிரித்துச் சேமிப்பது வழக்கம். ஒன்றில் மென்பொருள் இணைப்பு அப்படியே இருக்கட்டும். தேர்வாளர் சொல்லும் திருத்தங்களுக்கு அது உதவும். மற்றதில் இணைப்பைத் துண்டித்து வெறும் எழுத்தாக்கிவிட்டால், அச்சகத்துக் கணினியில் திறக்கும்போது குறிப்புகள் மாறிப்போகா.