வீட்டுக் கருவிகள் – 9: உயிர் பெறாத டிஷ்வாஷர், வடியாத தண்ணீர்

டிஷ்வாஷரில் அடிக்கடி வரும் பழுதுகள் இரண்டு. ஒன்று, பொத்தானை அழுத்தியும் உயிர் வராதது. மற்றொன்று, கழுவி முடித்த அழுக்குத் தண்ணீர் அடியிலேயே தேங்கி நிற்பது. இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கும். அதனால் சோதனையைச் சுவரில் தொடங்கி உள்நோக்கிக் கொண்டுபோவதே முறை.

தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் சுமார் 2,000 வாட் இழுக்கும். 230 வோல்ட் மின்சாரத்தில் இது ஏறக்குறைய 9 ஆம்பியர். ஆகவே 16 ஆம்பியர் சாக்கெட் அவசியம். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால் உள்தகடுகள் சூடேறிக் கருகி இணைப்பு விட்டுப்போகும். அதே சாக்கெட்டில் அயர்ன் பாக்ஸை மாட்டிப் பார்த்தால் குறை சுவரிலா இயந்திரத்திலா என்பது தெரிந்துவிடும். தண்ணீர் சூடாகத் தொடங்கும் நேரத்தில் மட்டும் டிரிப்பர் விழுந்தால், ஹீட்டரில் மின்கசிவு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சாக்கெட் சரியாக இருந்தால் அடுத்தது கதவு. தாழ்ப்பாளின் கொக்கி உள்ளே இருக்கும் மைக்ரோ ஸ்விட்ச்சை அழுத்தினால்தான் கழுவல் தொடங்கும். கீழ்த்தட்டிலிருந்து ஒரு கரண்டிக் காம்பு துருத்திக்கொண்டிருந்தாலே கதவு முழுதாகப் பொருந்தாது. ‘க்ளிக்’ ஓசையும் கேட்காது. சைல்டு லாக்கும், தாமதமாகத் தொடங்கும்படி வைத்த நேரமும்கூடப் பழுதைப் போலத் தோற்றம் தரும். பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் கழித்து மாட்டியும் விளக்கு எரியாவிட்டால், ஃபியூஸோ கன்ட்ரோல் போர்டோ போயிருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை.

தண்ணீர் வடியாத பழுதில், எதைத் தொடுவதற்கு முன்பும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கழுவிய நீர் ஃபில்டர் வழியாக அடிக்குழிக்கு வரும். அங்கிருந்து சிறிய டிரெய்ன் பம்ப் அதை ஹோஸ் வழியே வெளியே தள்ளும். சோதனையும் இதே வரிசையில்தான். சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, மிளகாய் விதை எல்லாம் ஃபில்டரில் சேர்ந்து பிசின்போல் அடைத்துக்கொள்ளும். அதைத் திருகி எடுத்து, குழாய் நீரில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். அடுத்து, இயந்திரத்தைச் சுவரோடு தள்ளியதில் ஹோஸ் மடங்கியிருக்கிறதா, அது சேரும் சிங்க் குழாயில் அடைப்பு உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஹோஸின் முனை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தைத் தாண்டினால் பம்ப் திணறும். மிகத் தாழ்வாக இருந்தால் சிங்க்கின் கழிவுநீர் உள்ளே திரும்பிவரும்.

பம்ப்பின் நிலையைக் காதே சொல்லிவிடும். வடிக்கும் நேரத்தில் உறுமல் கேட்டும் நீர் நகராவிட்டால் அதன் விசிறியில் ஏதோ சிக்கியிருக்கிறது. ஓசையே இல்லையென்றால் வயர், காயில், போர்டு ஆகியவற்றில் ஒன்று கெட்டிருக்கலாம். முதல் வகையை வீட்டிலேயே சரிசெய்யலாம். பிளக்கைப் பிடுங்கிய பின் தேங்கிய நீரை ஒற்றியெடுத்து, ஃபில்டருக்கு அடியில் உள்ள மூடியைக் கழற்றினால் விசிறி தெரியும். கண்ணாடிச் சில்லு இருக்கக்கூடும் என்பதால் கையுறை தேவை. விசிறியைச் சுற்றும்போது விட்டுவிட்டு நகர்வது காந்த மோட்டாரின் இயல்பு, பழுதல்ல.

இரண்டு பழுதும் ஒன்றாகத் தோன்றும் நிலையும் உண்டு. அடித்தட்டில் நீர் சேர்ந்தால் அங்குள்ள மிதவை மேலெழும். உடனே இயந்திரம் நீர்வரத்தை நிறுத்தி, கழுவ மறுத்து, பம்ப்பை மட்டும் விடாமல் ஓட்டும். போஷ் இயந்திரங்களில் இதற்கு ‘இ15’ என்ற குறி வரும். ‘இ24’, ‘இ25’ வடிகால் கோளாறுக்கானவை. கசிவுக்குக் குழாய் இணைப்பு காரணமாகலாம். சாதாரணப் பாத்திர சோப்பு திரவத்தை ஊற்றினாலும் நுரை பொங்கி அடித்தட்டில் இறங்கும். தட்டைத் துடைத்துவிட்டுக் கசிவை விட்டுவைத்தால் மிதவை மறுபடி எழும்.

எல்லாம் சரியான பிறகும் ஃபில்டருக்கு அடியில் சிறிது தெளிந்த நீர் நிற்கும். சீல்கள் காய்ந்து வெடிக்காதிருக்க அது இருக்கவே வேண்டும்.