சர்க்கரை மாத்திரை வாங்கும்போது சொல்லாமல் விடும் ஒரு பெயர்

எச்.ஐ.வி. கூட்டு மருந்து உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தது. அதே மருந்து முகத்தைக் காட்டிக்கொடுத்த காலமும் ஒன்று இருந்தது. அந்தப் பழைய மருந்து இன்று இல்லை. அதை விழுங்கியபோது பழகிய ஒளிவுமறைவு மட்டும் நம் தெருக்களில் அப்படியே இருக்கிறது. இப்போது அது சர்க்கரை நோயோடு சேர்ந்து வேறுவிதமான ஆபத்தாகிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், நம் சென்னையில்தான். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும், காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்து அதைக் கண்டுபிடித்தார்கள். நோயை நாடு அறிந்தது ஏழைப் பெண்களின் ரத்தத்திலிருந்து. பழியும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. 1993-ல் சுனிதி தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் தி.நகரில் இயங்கி, பிறகு தரமணி வி.எச்.எஸ். மருத்துவமனை வளாகத்துக்குப் போனது. கூட்டு மருந்தின் பக்கவிளைவுகள் பற்றித் தென்னிந்திய நோயாளிகளிடமிருந்து கிடைத்த தொடக்க கால ஆய்வுகள் பல அங்கிருந்து வந்தவைதான்.

2004 ஏப்ரல் 1 முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுத்தது. தொடங்கிய சில மையங்களில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. மயிலாப்பூர் குப்பத்தாரும் அடையாறு கரையோரத்தாரும் மின்சார ரயில் ஏறி அங்கே போனார்கள். தெரிந்த முகம் தென்படாது என்பதும் ஒரு நிம்மதி. அன்று கொடுத்த கூட்டில் ஸ்டாவுடின் என்ற மருந்து இருந்தது. விலை மலிவு, வேலையும் செய்தது. ஆனால் உடலின் உயிரணுக்களுக்குள் சக்தி உண்டாக்கும் பகுதியான மைட்டோகாண்ட்ரியாவை அது கெடுத்தது. கன்னக் கொழுப்பு கரைந்து முகம் ஒட்டியது. கைகால் மெலிந்து நரம்பு புடைத்தது. வைரஸ் அடங்கிய பிறகும் தெருவில் நடந்தால், “இவருக்கு அது இருக்கு” என்று பார்த்தவுடன் சொல்லிவிடும் நிலை. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த ஒரு பேச்சே போதும், வேலை போய்விடும். பணம் படைத்த நாடுகள் ஸ்டாவுடினை முன்னரே ஒதுக்கிவிட்டன. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் அதைக் கைவிடச் சொன்னது. நம் அரசு மையங்களிலிருந்து அது முழுதாகப் போக அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் பிடித்தன. மலிவு மருந்தின் விலையை யார் முகம் கொடுத்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று ஏ.ஆர்.டி. மையங்களில் பெரும்பாலோருக்குத் தருவது டி.எல்.டி. எனப்படும் ஒற்றை மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்தது. நல்ல மருந்து, யாரும் பயந்து நிறுத்திவிடக் கூடாது. ஆனால் டோலுடெகிராவிர் எடுக்கும் சிலருக்கு உடல் எடை கூடுகிறது. சிலருக்கு ரத்தச் சர்க்கரை ஏறுகிறது. உகாண்டாவில் மருந்தை மாற்றிய சில மாதங்களிலேயே திடீரென்று சர்க்கரை எகிறியவர்களை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை இறங்குவது ஆகியவை அதன் அடையாளங்கள். எடை இறங்கினால் நம் ஆட்கள் முதலில் நினைப்பது “பழைய நோய் திரும்பிவிட்டது” என்றுதான். பயந்துகொண்டு மருத்துவமனைக்கே போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

இங்கேதான் ஒளிவுமறைவு குறுக்கே வருகிறது. சர்க்கரைக்கு முதலில் எழுதித் தரும் மாத்திரை மெட்ஃபார்மின். டோலுடெகிராவிர், மெட்ஃபார்மினைச் சிறுநீரகம் வெளியேற்றும் வேகத்தைக் குறைக்கிறது. ரத்தத்தில் மெட்ஃபார்மின் ஏறத்தாழ 80 சதவீதம் கூடிவிடுகிறது. ஆகவே டி.எல்.டி. எடுப்பவருக்கு மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு மொத்தம் 1,000 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். சர்க்கரை மருத்துவருக்கு டி.எல்.டி. விஷயம் தெரியாவிட்டால் எப்படிக் குறைப்பார்? அளவை நாமே பாதியாக்கிக் கொள்வதும் தவறு. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும், வயிற்றெரிச்சலுக்கு வாங்கும் ஜெலுசில் போன்றவற்றுக்கும் இடைவெளி வேண்டும். டி.எல்.டி.யை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. பெரிய உதவி. ஆனால் கொண்டு வரும் தன்னார்வலர் பெரும்பாலும் பக்கத்துத் தெருப் பெண். அவரிடம் எச்.ஐ.வி. என்று சொல்வதும் தெருவுக்கே சொல்வதும் ஒன்றுதான் என்று மக்கள் அஞ்சுவதை நாம் குறை சொல்ல முடியாது. மயிலாப்பூர், தி.நகர் பக்கமிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அப்புறப்படுத்தப்பட்ட தலித் குடும்பங்களுக்கு இந்த அச்சம் இன்னும் அதிகம். வந்த ஊரின் பெயரே அவர்களுக்கு ஒரு முத்திரை. இன்னொரு முத்திரையை யார் விரும்புவார்கள்? வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க விடிகாலையில் பஸ் ஏறினால் அன்றைய கூலியும் போச்சு.

நாம் கேட்பது எளிமையானதுதான். சர்க்கரை, கொழுப்பு, இடுப்பளவுச் சோதனைகளை ஏ.ஆர்.டி. மையத்திலேயே, மாத்திரை வாங்க வரும் அதே நாளில் முடிக்க வேண்டும். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி சோதனைக்கு வெறும் வயிறும் தேவையில்லை. சர்க்கரை மாத்திரையையும் அங்கேயே கொடுத்துவிட்டால் எந்த வாசலிலும் எதையும் மறைக்க வேண்டியிராது.

அதுவரை, சர்க்கரை மருத்துவரிடம் தனியாக, டி.எல்.டி. என்ற மூன்றெழுத்தையாவது சொல்லிவிடுங்கள். எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல் அவர் அதை வெளியே சொல்ல 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் இடம் தரவில்லை. சந்தேகம் கேட்க 1097 என்ற இலவச எண் இருக்கிறது. அழைப்பவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை.