கேள்வி கேட்கும் குழந்தை

நெய்வேலிச் சுரங்கத்தை அடுத்த ஊர் வளையமாதேவி. அங்கே ஒரு சிறுமி, "நிலக்கரி வெட்டும் இடத்தில் எதற்கப்பா இரவும் பகலும் தண்ணீர் இறைக்கிறார்கள்?" என்று தந்தையிடம் கேட்பதாக வைத்துக்கொள்வோம். "போய்ப் பாடத்தைப் படி" என்பது எளிது. "எனக்கும் தெரியவில்லையம்மா, கேட்டுப் பார்ப்போம் வா" என்பதற்குச் சற்றுத் துணிவு வேண்டும். விடை வியப்பானது. பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில் மிகுந்த அழுத்தத்துடன் நீர் நிற்கிறது. இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு அது பீறிட்டு எழும்!

கூர்மதி படைத்த குழந்தைகளைப் பெற்றவர்கள், "வசதியில்லாத நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று கவலைப்படுவதுண்டு. கும்பகோணத்து வீடு ஒன்றைப் பாருங்கள். கணிதமேதை இராமானுஜனின் (1887-1920) தந்தை துணிக்கடைக் கணக்கர்; ஏழைக் குடும்பம். வருவாய்க்காக அவ்வீட்டில் கல்லூரி மாணவர்களைத் தங்க வைத்திருந்தார்கள். தமக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் அவர்கள் சிறுவனுக்குச் சொல்லித் தந்தார்கள். லோனி எழுதிய திரிகோணமிதி நூல் இப்படித்தான் அவன் கைக்கு வந்தது. காகிதம் வாங்க முடியாததால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, மீண்டும் போட்டான். 1903-இல் கார் என்பவர் தொகுத்த கணித நூலும் இரவலாகவே கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், நிரூபணமோ பெயரளவுக்குத்தான். அவற்றைத் தானே நிறுவிப் பார்ப்பது அவனுக்கு விளையாட்டாயிற்று.

ஆனால் அந்த ஆர்வமே அவருக்கு இடராகவும் வந்தது. 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். மற்றப் பாடங்களைக் கவனியாததால் அதை இழந்தார். 1905-இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். பதினேழு வயதுப் பிள்ளை. பெற்றோர் எவ்வளவு தவித்திருப்பார்கள்! பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை.

தேர்வுத்தாள் காட்டாததை அவருடைய நோட்டுப் புத்தகங்கள் காட்டின. அவற்றைப் பார்த்த இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1913-இல் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதியது நீங்கள் அறிந்த கதை. என் கருத்தில், மதிப்பெண் பட்டியலுக்குப் பக்கத்திலேயே பிள்ளையின் கிறுக்கல் நோட்டையும் பெற்றோர் வைத்துப் பார்ப்பது நல்லது. பிடிக்காத பாடத்துக்கும் நாள்தோறும் அரைமணி ஒதுக்கப் பழக்குங்கள். அதற்காகப் பிடித்ததைப் பிடுங்கிவிடாதீர்கள்.

வளையமாதேவிச் சிறுமி இந்நேரம் அடுத்த கேள்விக்குப் போயிருப்பாள்: "இறைத்த தண்ணீரெல்லாம் எங்கே போகிறது?" ஒரு ஞாயிற்றுக்கிழமை பரவனாற்றின் கரையோடு தந்தையும் மகளும் நடந்தால், விடையில் பாதி கண்ணில் படும்.