யவனர் படிப்பும் முசிறிக் கணக்கும்

நம் சங்கத்து அன்பர் ஒருவரின் பேத்தி இங்கிலாந்தில் 'கிளாசிக்ஸ்' படிக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் நாலைந்து பேர் என்னிடம் வந்து, "நயினாரே, அது என்ன படிப்பு? படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டார்கள். வேலை விஷயம் சொல்ல நான் ஆளில்லை. வாஷி மார்க்கெட்டில் மிளகும் ஏலமும் விற்கிறவன், கல்லூரி வாசலை மிதிக்காதவன். அது என்ன படிப்பு என்பதை மட்டும், நான் படித்து அறிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

பண்டைய கிரேக்க, ரோமானிய நாகரிகங்களைப் பற்றிய படிப்பு அது. சட்டம் படிக்கிறவன் சட்டம் மட்டும் படிப்பான், சரித்திரம் படிக்கிறவன் சரித்திரம் மட்டும். இங்கே அப்படியில்லை. இரண்டே ஜனங்கள், அவர்களுடைய மொழி, காவியம், சட்டம், தத்துவம், சிற்பம், காசு, கல்வெட்டு அத்தனையும் பாடம். 1777-இல் ஃபிரீட்ரிக் அவுகுஸ்ட் வோல்ஃப் என்ற ஜெர்மானியர் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மொழிநூல் மாணவன் என்றே தம்மைப் பதிந்துகொண்டார். பழைய உலகத்தை முழுசாக ஆராய்வது தனி சாஸ்திரம் என்று நிலைநாட்டியவர்களில் அவர் முக்கியமானவர். ஆக்ஸ்போர்டில் இது நான்கு வருஷப் படிப்பு. நெடுங்காலம் முதல் ஐந்து பருவம் மொழியும் இலக்கியமும், மிச்சம் ஏழு பருவம் சரித்திரமும் தத்துவமும் என்று வகுத்து வைத்திருந்தார்கள். ஹோமரையும் விர்ஜிலையும் மூலத்திலேயே படித்தாக வேண்டியிருந்தது.

இந்தப் படிப்புக்கு அதிகாரமும் துணை இருந்தது. மெக்காலே குழு 1854-இல் வகுத்த ஐ.சி.எஸ். தேர்வுத் திட்டத்தில் கிரேக்கத்துக்கு 750 மார்க், லத்தீனுக்கு 750. சம்ஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலா 375. தமிழுக்கு இடமே இல்லை. இந்தியாவை ஆள வருகிறவனுக்கு இந்திய மொழியைப்போல இரண்டு பங்கு கிரேக்கம்! இதே கிரேக்க லத்தீனில் 1890-இல் அபாரமாக மார்க் வாங்கியவர் அரவிந்தர். குதிரையேற்றத் தேர்வுக்குப் போகாமல் வேலையை விட்டவர், 1910-இல் வந்து சேர்ந்தது புதுச்சேரிக்கு. ரோமானியச் சரக்கு இறங்கிய அரிக்கமேடு அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

படிப்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று. வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் கிழிந்த பாபிரஸ் தாள் ஒன்று இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டு, கிரேக்க எழுத்து. 1985-இல் அச்சிட்டு வெளியிட்டார்கள். ஒரு பக்கம் கடன் பத்திரம், அதில் முசிறியின் பெயர் வருகிறது. சரக்கு செங்கடலில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி, நைல் நதி வழியாக அலெக்சாந்திரியா போய்ச் சேரும்வரை கடன் கொடுத்தவன் முத்திரையிலேயே இருக்க வேண்டும் என்று நிபந்தனை. இன்றைக்கு பேங்க்காரன் நம் கோடவுனுக்குப் போடுகிற பூட்டுதான், வேறில்லை!

மறுபக்கம் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. கங்கைப் பக்கத்து சடாமாஞ்சி 60 பெட்டி, பெட்டி 4,500 திராக்மா. ஒரு தாலந்துக்கு 6,000 திராக்மா. பேனாவை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், 45 தாலந்து. தாளிலும் அதுவே இருக்கிறது. கடைசியில் 1,154 தாலந்து 2,852 திராக்மா என்று பெரிய தொகை. அது சரக்கின் முழு மதிப்பா, கால் பங்கு சுங்கம் கழித்த மதிப்பா என்று அறிஞர்கள் சண்டை போடுகிறார்கள். எஞ்சிய தாளில் மிளகைக் காணோம். கிழிந்துபோன பகுதியில் இருந்திருக்கும் என்று தொகையை வைத்து ஊகிக்கிறார்கள். பெரெனிகே துறைமுகத்தில் இந்தியப் பானை ஒன்றில் சுமார் ஏழரை கிலோ மிளகு கிடைத்திருக்கிறதே, ஊகம் தப்பாக இராது.

இந்த ஒரு தாளுக்கு எத்தனை வித்தை தேவை பாருங்கள். இடைவெளி விடாமல் எழுதிய கிரேக்கத்தைப் படிக்க வேண்டும், ரோமானியச் சுங்கச் சட்டம் தெரிய வேண்டும், நிறை, நாணயம், கடல்வழி எல்லாம் தெரிய வேண்டும். சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க உ.வே.சா. கும்பகோணத்தில் எங்கள் சமணர் வீட்டுத் திண்ணைகளை நாடியது இதே காரணத்தால்தான். தமிழ்ப் புலமை அவரிடம் நிறைய இருந்தது. ஆனால் சமயம் தெரியாமல் அந்த நூல் திறக்காது.

இப்போது நடக்கிற வழக்கு மொழியைப் பற்றியது. ஆக்ஸ்போர்டில் சேர எல்லோருக்கும் இருந்த கிரேக்கக் கட்டாயம் 1920-இல் போயிற்று, லத்தீன் கட்டாயம் 1960-இல். 2021-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், கிளாசிக்ஸ் மாணவருக்கே இரண்டு மொழியும் கட்டாயமில்லை என்றது. ஏழைப் பள்ளியிலிருந்து வருகிறவனுக்குக் கதவு திறக்கிறது என்பது ஒரு கட்சி. மூலம் படிக்காதவன் என்ன ஆராய்வான் என்பது மறு கட்சி. என்னைக் கேட்டால், கேம்பிரிட்ஜ் செய்கிறது நல்ல வழி: லத்தீன் தெரியாமல் வருகிறவனுக்கு மூன்று வருஷப் படிப்பை நான்காக்கி, மொழியைச் சொல்லிக்கொடுத்து ஏற்றுக்கொள்கிறார்கள். கதவையும் திறக்கலாம், மூலத்தையும் விட வேண்டாம்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. யவனர் கலம் முசிறிக்கு வந்த செய்தி அகநானூற்றில் இருக்கிறது; அந்தக் கலத்தின் கணக்கு கிரேக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் மூலத்தில் படிக்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். செங்கடல் கரையில் குசைர் அல்-காதிம் என்ற இடத்தில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடு ஒன்று கிடைத்தபோது, அதைப் "பானை ஒறி" என்று படித்துச் சொல்ல நம் ஐராவதம் மகாதேவன் வேண்டியிருந்தது. லத்தீன் கற்கப் போகிற அந்தப் பெண்ணுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. புறப்பட இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு விடுமுறை, வரச் சொல்லியிருக்கிறேன்.